போர் நிறுத்தம் என்றால் போர் முடிந்துவிட்டதா?

2025 மே 10, சனிக்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா ஒரு வரி அனுப்பினார்: "போர் முடிந்துவிட்டது." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் மாலை 5 மணி முதல் தாக்குதலை நிறுத்திக்கொள்கின்றன என்ற செய்தி சற்று முன்புதான் வந்திருந்தது. இரவு ஸ்ரீநகரில் வெடிச்சத்தம் கேட்டதாகத் தொலைக்காட்சியில் ஓடியதும் அதே சித்தப்பா மறுபடி எழுதினார்: "எல்லாம் பொய். போர் நிறுத்தமாவது ஒன்றாவது!"

அவரை நான் குறை சொல்லவில்லை. அவருடைய நண்பரின் மகன் அப்போது ஜம்முவில் பணியில் இருந்தான்; அந்தக் கவலையில் எழுதியது அது. ஆனால் ஒரே மாலைக்குள் ஒரே சொல்லை அவர் இரண்டு முறை பிழையாகப் படித்தார். முதலில் அந்தச் சொல் தராத வாக்குறுதியை அதனிடம் எதிர்பார்த்தார். பிறகு, அது தந்திருந்த வாக்குறுதியையும் இல்லை என்று தள்ளிவிட்டார். காஸா, உக்ரைன் என்று எந்தப் போரைப் பற்றிப் பேசினாலும் நம்மில் பலருக்கு இதுதான் நேர்கிறது. போர் நிறுத்தம் என்பது உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

'நிறுத்தம்' நமக்குத் தெரிந்த சொல்தான்

பேருந்து நிறுத்தத்தில் பேருந்து நிற்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓட்டுநர் இருக்கையில்தான் இருக்கிறார். நின்றுவிட்டது என்பதற்காகப் பயணம் முடிந்தது என்று யாரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதில்லை.

வேலைநிறுத்தமும் அப்படித்தான். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி வேலையை விட்டுவிடவில்லை. அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. முதலாளியோடு அவருக்கு இருக்கும் வழக்கும் அப்படியே இருக்கிறது. மழையால் ஆட்டம் நிறுத்தப்பட்டது என்று கிரிக்கெட் வர்ணனையாளர் சொன்னால், எடுத்த ஓட்டங்களும் விழுந்த விக்கெட்டுகளும் பலகையில் அப்படியே நிற்கின்றன என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

ஆக, 'நிறுத்தம்' என்று தமிழில் எங்கே சொன்னாலும் 'முடிவு' என்ற பொருள் அதில் இல்லை. 'போர்' என்ற சொல் முன்னால் வந்ததும் மட்டும் நமக்கு இது மறந்துபோகிறது. போரைப் பற்றி வரும் நல்ல செய்தியை முழுதாக நம்பிவிட மனம் அவ்வளவு தவிக்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். என் தாத்தாவுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்புத் தகராறு. வரப்பு ஆண்டுக்கு ஒரு சாண் நகர்கிறது என்று இருவருமே ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னார்கள். ஒருநாள் மண்வெட்டியை ஓங்கும் அளவுக்குப் போனதும், ஊர்ப் பெரியவர் ஒருவர் இருவரையும் வரப்பிலேயே உட்காரவைத்துப் பேசினார். நிலம் யாருக்கு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. "நாளை பொழுது விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் இந்த வரப்பில் மண்வெட்டி வைக்கக் கூடாது. இப்போது வரப்பு எங்கே இருக்கிறதோ அங்கே முளைக்குச்சி அடிப்போம். சர்வேயர் வந்து அளக்கும்வரை குச்சி அடித்த இடத்திலேயே இருக்கட்டும். வாய்க்கால் காவலாளி தினம் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொல்வார்." அவ்வளவுதான். யார் பக்கம் நியாயம் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லாததால்தான் இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அந்தப் பேச்சில் நான்கு விஷயங்கள் இருந்தன: எப்போதிலிருந்து, எது கூடாது, கோடு எங்கே, பார்ப்பது யார். நாடுகளுக்கு இடையிலான போர் நிறுத்தத்துக்கும் எலும்புக்கூடு இதுதான். சர்வேயர் வந்து அளந்து, கல் நட்டு, பத்திரம் எழுதியது நான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது. அது வேறு வேலை. அதற்கு வேறு பெயர் உண்டு.

பல நிலைகள், நம்மிடம் ஒரே பெயர்

தமிழ்ச் செய்திகளில் போர் நிறுத்தம் என்ற ஒரே பெயரைத் தாங்கி மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் வருகின்றன. குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு ட்ரூஸ், சீஸ்ஃபயர், ஆர்மிஸ்டிஸ் என்று தனித்தனிச் சொற்கள் உண்டு, ஆனால் அங்கேயும் செய்தியாளர்கள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிடுவதைப் பார்க்கிறேன்.

முதலாவதை இடைநிறுத்தம் என்று சொல்லலாம். காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல, இறந்தவர்களைப் புதைக்க, உணவு வண்டிகளை உள்ளே விட என்று ஒரு குறிப்பிட்ட தேவைக்காகச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆயுதங்களைக் கீழே வைப்பது. 1914 கிறிஸ்துமஸ் அன்று மேற்குப் போர்முனையின் சில இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கிக்கொண்டது இந்த வகைதான். மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமல் அவர்களாகவே செய்தது அது. சில நாட்களில் மறுபடி சுடத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, போர் நிறுத்தம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது. சுடுவதை நிறுத்தச் சொல்லும் படைக் கட்டளையிலிருந்தே ஆங்கிலத்தின் சீஸ்ஃபயர் என்ற சொல் பிறந்தது. கட்டளை என்பதால் அதன் பேச்சு முழுக்க ஆயுதத்தைப் பற்றியதுதான். எதற்காகச் சண்டை என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

மூன்றாவது, போர் நிறுத்த உடன்படிக்கை, அதாவது ஆர்மிஸ்டிஸ். போர் முழுவதற்குமாக, எல்லா முனைகளிலும், எழுதிக் கையெழுத்திட்டுச் செய்துகொள்வது. அந்தச் சொல்லின் இலத்தீன் வேரைப் பிரித்தால் 'ஆயுதம் நிற்றல்' என்று வரும். ஆண்டுக்கு இருமுறை சூரியன் வடகோடியிலும் தென்கோடியிலும் நின்று திரும்புவதுபோல் தோன்றும் நாளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலும் இதே 'நிற்றல்' இருக்கிறது. அங்கே சூரியன் நின்று திரும்புகிறதே தவிர, முடிந்துபோவதில்லை.

இந்த மூன்றுக்கும் அப்பால் இருப்பது சமாதான உடன்படிக்கை. எல்லை எது, இழப்பீடு எவ்வளவு, தூதரகம் திறக்கலாமா என்று சண்டைக்கான காரணங்களையே எடுத்துப் பேசித் தீர்த்து, போர் என்ற நிலையைச் சட்டப்படி முடித்துவைப்பது இதுதான். எங்கள் வரப்புக் கதையில் சர்வேயரும் பத்திரமும் வருவது இந்த இடத்தில்.

முதல் உலகப் போரைப் பாருங்கள். 1918 நவம்பர் 11 அன்று பிரான்சின் கோம்பியென் காட்டில், நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மார்ஷல் ஃபோஷின் ரயில் பெட்டியில் கையெழுத்தானது போர் நிறுத்த உடன்படிக்கை. அதற்கு முதலில் குறிக்கப்பட்ட ஆயுள் வெறும் 36 நாட்கள். பிறகு மூன்று முறை நீட்டித்தார்கள். ஜெர்மனிமீது போடப்பட்டிருந்த கடல் முற்றுகைகூட அன்று நீங்கவில்லை. வெர்சாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28-இல். இடையில் ஏழு மாதங்களுக்கும் மேல். போர் 1918-இல் முடிந்தது என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் லண்டனில் உள்ள செனோடாஃப் நினைவுச்சின்னத்தில் ரோம எண்களில் பொறித்திருப்பது 1914, 1919. தில்லி இந்தியா கேட்டின் உச்சியிலும் இதே இரண்டு ஆண்டுகள்தான். அடுத்த முறை போகும்போது அண்ணாந்து பாருங்கள்.

இதுவரை பார்த்ததைத் திரட்டிக்கொள்வோம். இடைநிறுத்தம் ஒரு தேவைக்கானது. போர் நிறுத்தம் ஆயுதத்துக்கானது. போர் நிறுத்த உடன்படிக்கை போர் முழுமைக்குமானது, ஆனாலும் அதுவும் நிறுத்தம்தான். போரை முடித்துவைப்பது சமாதான உடன்படிக்கை. எகிப்தும் இஸ்ரேலும் போர் நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டது 1949-இல்; சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது 1979-இல். நடுவே மூன்று பெரிய போர்கள்.

ஏன் உடனே நிற்பதில்லை?

கோம்பியெனில் கையெழுத்து விழுந்தது காலை ஐந்து மணியைச் சற்றுக் கடந்து. நடைமுறைக்கு வந்தது பகல் 11 மணிக்கு. நடுவில் இருந்த ஆறு மணி நேரத்தில் சண்டை நடந்தது, ஆட்கள் இறந்தார்கள். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்க வீரர் 11 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிக் காவலை நோக்கி ஓடிச் சுடப்பட்டு இறந்தார். போர் நிற்கப்போகிறது என்று தெரிந்திருந்த எதிர்த்தரப்பு வீரர்கள் அவரைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையசைத்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து 'அமலுக்கு வரும் நேரம்' என்ற சொற்றொடரை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

இடைவெளி ஏன் என்றால், படை என்பது ஒரே ஆள் அல்ல. தலைமையகத்தில் எடுத்த முடிவு கடைசிப் பதுங்குகுழியில் இருப்பவனுக்குப் போய்ச் சேர வேண்டும். எதிரிக்குச் செய்தி போகாமல் இவன் மட்டும் நிறுத்தினால் சாவது இவன்தான். அதனால் இரு தரப்பும் ஒரே கணத்தில் நிறுத்தியாக வேண்டும். அதற்காகத்தான் ஒரு மணி குறிக்கிறார்கள். கொரியாவில் 1953 ஜூலை 27 காலை 10 மணிக்குக் கையெழுத்து, இரவு 10 மணிக்கு நடைமுறை. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பீரங்கிகள் ஓயவில்லை.

பன்முன்ஜோம்: ஒரு நிறுத்தத்தின் உள்ளமைப்பு

வட கொரியாவும் சீனாவும் ஒருபுறம், தென் கொரியாவும் அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படையும் மறுபுறம் என்று நடந்த கொரியப் போரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போர் நிறுத்தத்தை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்த இன்னொரு தாள் எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு, அது இன்றும் நடப்பில் இருக்கிறது.

பேச்சு தொடங்கியது 1951 ஜூலையில், கேசாங்கில். பிறகு பன்முன்ஜோம் கிராமத்துக்கு மாறியது. இரண்டு ஆண்டுகள் பேசினார்கள். இரண்டு ஆண்டுகளும் போர் நடந்தது. பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்றால் துப்பாக்கி ஓய்ந்துவிடும் என்பது நாம் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறான ஊகம். உண்மையில் அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு குன்றுக்கும் விலை கூடுகிறது. நாளை கோடு எங்கே விழும் என்பதை இன்று யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும் அல்லவா?

கையெழுத்து நாளன்று ஐ.நா. படைத் தரப்பில் ஜெனரல் ஹாரிசனும் வட கொரியத் தரப்பில் ஜெனரல் நாம் இல்லும் வந்தார்கள். ஆங்கிலம், கொரியம், சீனம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்ட 18 படிகள் மேசைமேல் இருந்தன. ஒவ்வொன்றாகக் கையெழுத்திட்டார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கைகுலுக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள். மிகச் சரியான நடத்தை என்றுதான் நான் சொல்வேன். அவர்கள் நட்புக்குக் கையெழுத்திட வரவில்லை.

கவனிக்க வேண்டியது, இருவருமே படைத் தளபதிகள். போர் நிறுத்தத்தில் பெரும்பாலும் கையெழுத்திடுவது படைத்தலைமை. சமாதானத்தில் கையெழுத்திடுவது அரசு. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ நாடு பிரிந்தபடியே போர் நிற்பதை ஏற்கவில்லை, ஆகவே தென் கொரியத் தரப்பு கையெழுத்திடவே இல்லை. ஆனாலும் நிறுத்தம் நிலைத்தது, ஏனென்றால் அவருடைய படை ஐ.நா. படைத்தலைமையின் கீழ் இருந்தது.

அந்தத் தாளில் முதலில் வருவது கோடு. போர் நின்ற இடத்தில் நாட்டின் இடுப்பைக் குறுக்கே வெட்டி ஏறத்தாழ 240 கிலோமீட்டருக்கு ஒரு கோடு. கோட்டிலிருந்து இரு தரப்பும் தலா 2 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும், அதுவும் 72 மணி நேரத்துக்குள். நடுவில் கிடக்கும் 4 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குப் பெயர் படை நீக்கப்பட்ட மண்டலம். இரண்டு படைகளும் முகத்துக்கு முகம் நின்றால் ஒருவன் பதறிச் சுட்டாலே போதும், எல்லாம் மறுபடி தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த இடைவெளி. எங்கள் தாத்தாவின் வரப்பில் குச்சிக்கு இருபுறமும் ஒரு முழம் உழக்கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்தார்; நோக்கம் அதேதான்.

கோடு வரைவதில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1949 ஜூலையில் கராச்சியில் காஷ்மீரின் போர் நிறுத்தக் கோட்டை வரைந்தன. என்ஜே 9842 என்று வரைபடத்தில் குறித்த புள்ளியோடு கோடு நின்றது. அதற்கு மேல் 'அங்கிருந்து வடக்கே பனியாறுகளை நோக்கி' என்று மட்டும் எழுதினார்கள். அந்தப் பனிப்பாழில் யார் போய்ச் சண்டை போடப்போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். 1984-இல் சியாச்சின் பனியாற்றில் இரு நாட்டுப் படைகளும் மோதத் தொடங்கின. அங்கே குண்டுக்கு இறந்தவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இறந்தவர்கள் அதிகம்.

பன்முன்ஜோமில் பேச்சை ஓராண்டுக்கும் மேலாக இழுத்தடித்தது கோடு அல்ல, கைதிகள். சிறைப்பட்ட வட கொரிய, சீன வீரர்களில் பல்லாயிரம் பேர் ஊர் திரும்ப மறுத்தார்கள். எல்லோரையும் அனுப்பியே ஆக வேண்டும் என்றது ஒரு தரப்பு. விருப்பம் இல்லாதவனை அனுப்ப முடியாது என்றது மறுதரப்பு. இங்கேதான் இந்தியா வருகிறது. 1952-இல் ஐ.நா.வில் வி.கே. கிருஷ்ண மேனன் முன்வைத்த யோசனையை ஒட்டி, நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்றிடம் அந்தக் கைதிகளை ஒப்படைப்பது என்று பின்னர் முடிவானது. ஆணையத்துக்குத் தலைவர் இந்தியாவின் ஜெனரல் திம்மையா. காவலுக்கு இந்தியப் படை.

சிங்மன் ரீ அந்தப் படை தன் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்றார். கால்வைக்கவில்லை. கப்பலில் வந்த இந்திய வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, நேராகப் படை நீக்கப்பட்ட மண்டலத்துக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே கூடாரம் அடித்து அவர்கள் போட்ட முகாமுக்கு ஹிந்த் நகர் என்று பெயர் வைத்தார்கள். 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை, அவரவர் நாட்டு அதிகாரிகள் வந்து பேச வாய்ப்புத் தந்து, மாதக்கணக்கில் காத்தார்கள். போர் நடந்த காலத்திலேயே அங்கு பணியாற்றிய இந்தியாவின் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் பாடநூல்களில் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. கடைசியில் எந்தப் பக்கமும் போக விரும்பாத 88 பேர் நம் படையோடு இந்தியாவுக்கு வந்தார்கள். பின்னாளில் அவர்களில் பலர் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் குடியேறினார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அந்த உடன்படிக்கை தன்னைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? இறுதியான அமைதித் தீர்வு ஒன்று எட்டப்படும்வரைதான் இந்த ஏற்பாடு என்கிறது. மூன்று மாதங்களுக்குள் அரசியல் மாநாடு கூட்டும்படி பரிந்துரைக்கிறது. 1954-இல் ஜெனீவாவில் மாநாடு கூடியது, கொரியாவைப் பொறுத்தவரை எதுவும் தீராமல் கலைந்தது. அந்த இறுதித் தீர்வு இன்றுவரை வரவில்லை. எழுபது ஆண்டுகளைத் தாண்டியும் அங்கே இருப்பது போர் நிறுத்தம் மட்டுமே.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு போர் நிறுத்தத்துக்கு மணி வேண்டும், கோடு வேண்டும், விலகி நிற்க இடம் வேண்டும், கைதிகளுக்கு ஒரு வழி வேண்டும், பார்த்துச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும். இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே அது எவ்வளவு நாள் தாங்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

மீறினால் முறிந்துவிட்டதா?

இனி சித்தப்பாவின் இரவுச் செய்திக்கு வருவோம். வெடிச்சத்தம் கேட்டது, ஆகவே நிறுத்தம் பொய். இந்த முடிவு எங்கே தவறுகிறது?

எங்கள் வரப்பில் குச்சி அடித்த மூன்றாம் மாதம், பக்கத்து வயல்காரரின் கூலியாள் குச்சியைப் பிடுங்கி ஓரடி தள்ளி நட்டுவிட்டான். தாத்தா கொதித்துப்போய்ப் பெரியவரிடம் போனார். பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "அவர் அனுப்பினாரா, இவனாகச் செய்தானா?" இவனாகச் செய்தது என்று தெரிந்ததும், குச்சி பழைய இடத்துக்குப் போனது, அவனுக்கு அபராதம் விழுந்தது, ஏற்பாடு தொடர்ந்தது.

1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் என்று ஒன்று உண்டு. போரில் எது செய்யலாம், எது கூடாது என்று நாடுகள் கூடி எழுதிக்கொண்டவை. அவற்றின் 40, 41-ஆவது பிரிவுகள் ஏறக்குறைய நம் ஊர்ப் பெரியவர் சொன்னதையேதான் சொல்கின்றன. ஒரு தரப்பு கடுமையாக மீறினால் மறுதரப்பு நிறுத்தத்தையே ரத்து செய்யலாம். மிக அவசரமானால் உடனே போரைத் தொடங்கவும் செய்யலாம். ஆனால் தனி ஆட்கள் தாங்களாகவே செய்த மீறல் என்றால், குற்றவாளியைத் தண்டிக்கவும் நட்டத்துக்கு ஈடு கேட்கவும்தான் உரிமை உண்டு. அதாவது மீறல் வேறு, முறிவு வேறு. மீறல் நடக்கும் என்பதை எதிர்பார்த்துத்தான் விதியே எழுதியிருக்கிறார்கள். 2025 மே 10 இரவு இந்திய வெளியுறவுச் செயலர் மீறல்களைக் கண்டித்தார். நிறுத்தம் பற்றிய புரிந்துணர்வு ரத்து என்று சொல்லவில்லை. பிறகு அந்தப் புரிந்துணர்வு நிலைத்தது.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். தாளில் நிறுத்தம் உயிரோடு இருக்கும், களத்தில் எப்போதோ செத்திருக்கும். இலங்கையில் அரசும் விடுதலைப் புலிகளும் நோர்வேயின் அனுசரணையோடு செய்துகொண்ட போர் நிறுத்த ஒப்பந்தம் 2002 பிப்ரவரி 23-இல் நடைமுறைக்கு வந்தது. முன்னரங்கக் காவல் நிலைகளுக்கு இடையே 600 மீட்டர் இடைவெளி, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 சாலை திறப்பு என்று நல்ல விதிகள் அதில் இருந்தன. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் கொண்ட கண்காணிப்புக் குழுவும் இருந்தது. ஆனால் அந்தக் குழுவால் பார்க்கவும் விசாரிக்கவும் மீறல் என்று தீர்ப்புச் சொல்லவும்தான் முடிந்தது. தடுக்க முடியவில்லை, அதற்கான அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. 2006 நடுவிலேயே மாவிலாற்றிலும் முகமாலையிலும் முழுப் போர். ஒப்பந்தத்தில், விலகுவதானால் 14 நாட்கள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று இருந்தது. அந்த விதிப்படி அரசு அறிவிப்புக் கொடுத்து அது சட்டப்படி முடிந்தது 2008 ஜனவரி 16-இல். ஒன்றரை ஆண்டுக் காலம் ஷெல் விழுந்துகொண்டிருந்த மண்ணில் தாளளவில் போர் நிறுத்தம் இருந்தது.

சொல்லை ஏன் இவ்வளவு பார்த்துத் தேர்கிறார்கள்?

2025 மே 10-ஐ மறுபடி எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அதிபர் முழுமையான, உடனடியான போர் நிறுத்தம் என்று அறிவித்தார். இந்திய வெளியுறவுச் செயலர் படித்த அறிக்கையிலோ அந்தச் சொல் இல்லை. இரு நாட்டு இராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்கள் பேசினார்கள், நிலம், வான், கடல் எங்கும் சுடுவதையும் இராணுவ நடவடிக்கையையும் மாலை 5 மணி முதல் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவே. பின்னர் அதைப் 'புரிந்துணர்வு' என்று குறிப்பிட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பேசிய பிரதமர், பதிலடி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். 'போர் நிறுத்தம்' என்று சொன்னால் அதற்கு முன்னால் போர் நடந்ததாக ஆகும். நடுவர் ஒருவர் இருந்ததாகவும் ஆகலாம். இரண்டையும் ஒப்புக்கொள்ள விரும்பாத அரசு வேறு சொல்லைத் தேடும். தமிழ் நாளிதழ்கள் பலவற்றில் 'போர் நிறுத்தம்' என்றே வந்தது. தலைப்புக்கு இடம் குறைவு என்பது புரிகிறது, ஆனால் உள்ளே ஒரு வரியாவது இந்த வேறுபாட்டுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

கொரிய மொழியில் இது இன்னும் கூர்மை. அங்கே போர் நிறுத்தத்துக்கு 'ஜொங்ஜொன்'. போர் முடிவுக்கு 'ஜோங்ஜொன்'. முதல் அசையில் ஓர் உயிரொலிதான் வேறு. 2018 ஏப்ரல் 27-இல் இரு கொரியத் தலைவர்களும் பன்முன்ஜோமில் சந்தித்து, அந்த ஆண்டுக்குள் போர் முடிவை அறிவிக்க முயல்வோம் என்று கூட்டாக அறிவித்தார்கள். முதல் சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்குப் போக எடுத்த முயற்சி அது. அந்த ஆண்டு கடந்துபோனது. இன்றும் முதல் சொல்தான் நடப்பில் இருக்கிறது.

வன்னியில் ஒரு வீடு

ஈழத்தமிழர்கள் 2002 முதல் 2006 வரையிலான ஆண்டுகளைப் பேச்சு வழக்கில் 'சமாதான காலம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒப்பந்தத்தின் பெயர் போர் நிறுத்தம். மக்கள் வாயில் அது சமாதானம்.

சென்னையில் எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஊர் வீட்டின் புகைப்படம் ஒன்றை ஒருமுறை காட்டினார். சீமெந்துச் சுவர், புதுக் கூரை, வாசலில் ஒரு வரிசை செவ்வந்தி. ஏ9 திறந்ததும் கொழும்பிலிருந்து சாமான் ஏற்றிவந்து, சமாதான காலத்தில் கட்டியது என்றார். 2009-க்குப் பிறகு போய்ப் பார்த்தபோது ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றதாம். நான் இந்தக் கட்டுரைக்காக எடுத்துவைத்திருந்த வேறுபாட்டை அவரிடம் சொன்னேன்: அது சமாதானம் அல்லவே அக்கா, போர் நிறுத்தம்தானே என்று. அவர் புகைப்படத்தைத் துணியால் துடைத்து உறைக்குள் வைத்தார். போர் நிறுத்தம் என்று நினைத்திருந்தால் வீடு கட்டியிருப்போமா, தம்பி, என்று கேட்டார்.